அம்சா டீச்சரின் கைப்பையில் ஓர் அகழாய்வு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் வந்து நின்றால், படிக்கட்டு வழியாக ஏறி இடம் பிடிக்கலாம் என்று நினைப்பவர் நிச்சயம் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் சன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட்டு, அப்புறம் சாவகாசமாக ஏறுவார். பொருள் கிடக்கும் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அம்சா டீச்சரும் அன்று காலை அப்படித்தான் செய்தாள். நாலு நாள் உட்கார்ந்து வரைந்த சார்ட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, சன்னலோர சீட்டில் போட்டாள். போட்டதெல்லாம் சரிதான். பஸ்தான் தப்பு.

சுற்றிக்கொண்டு வந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறியவள், அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"சார்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலங்காத்தால பேஜாரு பண்ணாதம்மா" என்றார் அவர்.

அதற்குள் பக்கத்தில் நின்ற புதுச்சேரி பஸ் புறப்பட்டுவிட்டது. அதன் சன்னலோரத்தில் சார்ட் ஜம்மென்று உட்கார்ந்து போனதை அம்சா கண்ணால் பார்த்தாள். அழுகையே வந்தது.

வராமல் இருக்குமா? விழுப்புரத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. இன்று கடைசி நாள். முப்பது பேரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் வகுப்பெடுக்க வேண்டும். எல்லோரும் கை தூக்கித் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்குப் பத்து நாள் அகழாய்வுப் பயிற்சி. நிஜக் குழி, நிஜ மண். அம்சாவோ பதினெட்டு வருஷமாகப் பாடப்புத்தகப் படத்தைக் காட்டியே அகழாய்வு நடத்துகிறவள். போன வருஷம் எட்டாம் வகுப்பு சங்கவி எழுந்து, "டீச்சர், நீங்க நேர்ல பாத்துகிறீங்களா?" என்று கேட்டாள். "பாடத்த கவனி" என்று அதட்டிவிட்டு, அன்றைக்கு முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள் அம்சா.

அவள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் பீரியடு என்பது ஊர்ப் பொதுச் சொத்து. கணக்கு வாத்தியார் பிரான்சிஸ், "ஒரே ஒரு பீரியடு டீச்சர், போர்ஷன் முடிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே வருவார். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போவார். நல்ல மனுஷன், திட்டவும் முடியாது.

பயிற்சி அறையில் திருமுருகன் சார் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். எந்தப் பயிற்சி வந்தாலும் போகிறவர், எந்தப் போட்டி வந்தாலும் ஜெயிக்கிறவர். அவர் திரையில் கோட்டைகள் பறந்தன, பின்னணியில் இசை முழங்கியது. பத்து நிமிஷமும் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அடுத்த பெயர் அம்சா.

"சார்ட்டு எங்க மேடம்?" என்றார் பயிற்சி நடத்தும் அருணா.

"பாண்டிச்சேரி போயிருக்குது மேடம்."

அறையே சிரித்தது. அம்சாவும் கூடவே சிரித்து வைத்தாள். கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். விட்ட கை அப்படியே நின்றது. பதினஞ்சு வருஷமாகச் சுமக்கிற பை. இரண்டு தடவை ஜிப் மாற்றியாயிற்று, உள்ளே சுத்தம் செய்தது மட்டும் கிடையாது. அடடா, தோண்டிப் பார்க்க இதைவிட நல்ல மேடு எங்கே கிடைக்கும்!

பையை மேசைமேல் வைத்தாள்.

"இதான் நாம தோண்டப்போற எடம். மேல இருக்கறது புதுசு, அடியில போவப் போவ பழசு. இந்தப் பை யாருதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு வச்சிக்குங்க. பொருளு இன்னா சொல்லுதோ அத மட்டும் சொல்லணும். திருமுருகன் சார், வந்து தோண்டுங்க. ஜல்தி பண்ணாம, மெதுவா."

அவர் வந்தார். முதலில் இன்றைய பஸ் டிக்கெட். அதன்கீழ் சிவப்புப் பேனா மூடிகள், விடைத்தாள் கட்டும் நூல். "பரீட்சைக் காலம்!" என்று பின்வரிசையில் கத்தினார்கள். இன்னும் கீழே தேர்தல் பணி அடையாள அட்டை. அதற்கும் கீழே கசங்கிய முகக்கவசம்.

"கொரோனா அடுக்கு!" என்று அருணாவே எழுந்து வந்துவிட்டார்.

"எல்லா அடுக்குலயும் மல்லாட்ட தோலு கெடக்குதே டீச்சர்?" என்று வேர்க்கடலைத் தோலைத் தூக்கிக் காட்டினார் திருமுருகன்.

"ஜனங்க எடைவிடாம வாழ்ந்த எடம் சார் இது" என்றாள் அம்சா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அடித்துணி கிழிந்திருந்தது. அதற்குள்ளே திருமுருகனின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நாலாக மடித்த தாள். அம்சாவே மறந்துபோன தாள். அவள் கை நீட்டுவதற்குள் அவர் படிக்கத் தொடங்கிவிட்டார்.

"ரெண்டாயிரத்துப் பதினாலு, ஜூலை. அகழாய்வுப் பயிற்சிக்குச் செல்ல அனுமதி வேண்டி விண்ணப்பம்." அப்புறம் ஓரத்தில் தலைமையாசிரியர் பச்சை மையில் எழுதியிருந்தது. "பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரே உள்ளதால் அனுமதி இல்லை."

அம்சா மல்லாட்டைத் தோலைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

"சரி, ஆதாரத்த வச்சு சொல்லுங்க" என்றார் அருணா மெதுவாக. "இந்தப் பைக்குச் சொந்தக்காரங்க எப்படிப்பட்டவங்க?"

திருமுருகன் தாளை மடித்தார். "ஓடிக்கினே இருக்கற ஆளு மேடம். எலக்சனுக்கு ஓடிகிறாங்க, கொரோனாவுல ஓடிகிறாங்க. ஆசப்பட்ட எடத்துக்கு மட்டும் இன்னும் போவல."

கை தூக்கச் சொன்னபோது முதல் கை அவருடையதுதான். லேப்டாப்பை மூடிவிட்டுத் தூக்கினார். மற்ற கைகளை அம்சாவால் எண்ண முடியவில்லை, கண்ணீர் மறைத்தது.

சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்கியபோது அந்தப் புதுச்சேரி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய்க் கேட்டாள். கண்டக்டர் சார்ட்டை எடுத்து நீட்டினார்.

"உங்குளுதா? நல்லா எடம் போட்டீங்க டீச்சர்! பாண்டி வரிக்கும் நின்னுக்கினே வந்தாங்க, ஒருத்தரும் அதுல குந்தல."

அம்சா வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது போன் அடித்தது. தலைமையாசிரியர் நெடுஞ்செழியன். பழைய தலைமையாசிரியர் போய் இவர் வந்து மூன்று வருஷம். ஆள்தான் மாறியிருந்தார்.

"நீங்க தேர்வான செய்தி வந்துச்சும்மா, சந்தோஷம். ஆனா பத்து நாளு எப்படி அனுப்பறது? சமூக அறிவியலுக்கு நம்மகிட்ட நீங்க ஒருத்தர்தானே?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே காரணத்தைப் படித்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் போட்டவள் அவள். இன்று யோசிக்கவே இல்லை.

"பிரான்சிஸ் சார் பாத்துக்குவாரு சார். பதினெட்டு வருஷமா என் பீரியட அவருதானே எடுத்துக்கினு இருக்காரு! இந்தப் பத்து நாளு மட்டும் என் பாடத்த நடத்தச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தலைமையாசிரியர் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது.

"காலையில விண்ணப்பத்த எடுத்துக்கினு வாங்கம்மா. கையெழுத்து போட்டுத் தர்றேன்."