நிக்கி டோபினின் எண்ணெய்க் கிணறு

குளியலறை கட்டுவதற்காகச் சேர்த்து வைத்த பணத்தைப் புருஷன் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான் என்பது, அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் அசம்ப்டாவுக்குத் தெரிந்தது. பைக்குள் நாலாக மடித்த ஒரு ரசீது. டன்மாரா ஆயில் கம்பெனி, மூவாயிரம் பங்கு, பங்கு ஒன்று முப்பது பென்ஸ்.

நிக்கி டோபின் பாலிடரீன் என்ற கடலோர ஊரின் தபால்காரன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வட்டாரத்தில் அவன் மிதிக்காத வாசலும் அவனைக் கடிக்காத நாயும் கிடையாது. ரசீதை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னது இது?"

"அது ஒண்ணுமில்ல. நம்ம கடலுக்கு அடியில எண்ணெய் எடுக்கப் போறாங்கல்ல, அதுல நமக்கும் ஒரு ஓரமா..."

"குளிக்க ஒழுங்கா ஒரு இடம் இல்ல. சனிக்கிழமை ஆனா அடுப்படியில தகரத் தொட்டியைப் போட்டு உக்காந்திருக்கேன். உனக்கு எண்ணெய்க் குளியல் கேக்குதோ?"

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. தேநீர்க் கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் நாள் பேசினாள், ஏனென்றால் அவன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவன் இல்லை. ஊருக்கே பாடம் நடத்த ஆரம்பித்திருந்தான்.

கிட்டியின் மதுக்கடையில் உட்கார்ந்து, திராட்சை போட்ட கேக் ஒன்றை வாங்கி நடுவில் வெட்டிக் காட்டுவான். "மேல இருக்கிறது கடல் தரை. இது பாறை. இந்தத் திராட்சை இருக்கு பாருங்க, அதுதான் எண்ணெய்."

"திராட்சை இல்லாத இடமாப் பாத்துக் கத்தி இறங்கிட்டா?" என்று கேட்டார் ஜெர் ஃபீலன். கல்யாணம் கட்டாத விவசாயி, நாலு மாடு, முப்பது ஏக்கர் சேறு.

"இறங்காது ஜெர். துளை போடுறவன் நார்வேக்காரன். படிச்சவன்."

ஜெர் கேக்கைத் தின்றுவிட்டு, அடுத்த வாரம் ஒரு காளைக்கன்றை விற்றுப் பங்கு வாங்கினார். பங்கு விலை ஐம்பது பென்ஸ் ஆனது, எண்பது ஆனது. செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து டவுன் டங்கார்வனிலிருந்து பேங்க் குமாஸ்தா ஃபோகர்ட்டி வந்து, பால் சொசைட்டிக்குப் பக்கத்து அறையில் மேசை போடுவார். அந்த அறைக்கு வெளியே இதுவரை மழைக்குத்தான் ஆட்கள் ஒதுங்கியிருக்கிறார்கள். இப்போது பங்கு வாங்க வரிசையில் நின்றார்கள்.

யார் யார் வாங்கினார்கள் என்பது நிக்கிக்குத்தான் முழுசாகத் தெரியும். ரிக், அதாவது கடலில் எண்ணெய்த் துளை போடுகிற மேடை, அதன் படம் போட்ட வெள்ளை உறை எந்த வீட்டுக்கு வருகிறதோ அது வாங்கிய வீடு. பங்குச் சாமியாரும் பங்கு வாங்கியிருந்தார். ஃபாதர் லாங்கன் ஞாயிறு பூசையில் ஒட்டகம் ஊசிக்காதில் நுழைகிற கதையைச் சொல்லிப் பேராசையைக் கிழிகிழியென்று கிழித்தார். திங்கட்கிழமை நிக்கி அவர் கையில் உறையைக் கொடுத்தான்.

"ஆயர் இல்லத்துக் கடுதாசியா இருக்கும்," என்றார் சாமியார், படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு.

"ஆமா ஃபாதர். ஆயர் ரிக்கிலதான் உக்காந்திருக்காராம்."

"போடா, போய் வேலையைப் பாரு."

இதையெல்லாம் அவன் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லும்போது அசம்ப்டா சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு கடல்முனைக்கும் போனாள். ரிக் நாற்பது மைல் தள்ளி இருந்தது, கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. இருந்தாலும் பத்துப் பதினைந்து பேர் காரை நிறுத்திவிட்டுப் புல்லில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் தேநீரும் ரொட்டியுமாக, ஒன்றுமில்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் போனால் எண்ணினார்கள். "இன்னைக்கு மூணாவது. சும்மாவா மூணு தடவை போவான்?" என்றார் நர்ஸ் ஹார்ட்னெட்.

அந்த நர்ஸம்மா பாலிடரீனில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். பாஸ்டனில் இருக்கிற தங்கையைப் பார்த்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. விமானச் சீட்டுக்கென்று வைத்திருந்ததை எடுத்து, நிக்கியின் பேச்சை நம்பி, பங்கில் போட்டிருந்தார். "போறதுதான் போறேன், கிழவியா இருந்தாலும் பணக்காரங்க முன்சீட்டுல உக்காந்து ஒயின் குடிச்சுக்கிட்டே போறேன்," என்று சிரித்தார்.

நிக்கி இப்போதெல்லாம் முகம் மழிக்கும்போது பாடினான். இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டிராத பாட்டுகள். அவளும் ஒருநாள் டங்கார்வனில் ஒரு கடைக்குள் நுழைந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, நீல நிற டைல்ஸ் என்ன விலை என்று கேட்டாள்.

ஆகஸ்டில் கிட்டியின் அக்கா மகன் டெனிஸ் லீவில் வந்தான். ரிக்கின் சமையற்கட்டில் வேலை. ஊரே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தது. அவனோ, மேலே என்ன நடக்கிறது என்று தனக்கு ஒன்றும் தெரியாது, உருளைக்கிழங்கு மட்டும்தான் தெரியும் என்று சாதித்தான். நாலாவது கோப்பையில், "ஆனா ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு நூறு மாட்டிறைச்சித் துண்டும் மூணடுக்குக் கேக்கும் ஆர்டர் போயிருக்கு. இதுக்கு முன்னாடி அப்படிப் போனதில்ல," என்றான்.

விருந்தென்றால் எண்ணெய் கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்! எல்லோரும் ஒரே சமயத்தில், இன்னும் பங்கு வாங்க ஓடுவதற்கு, கழற்றி வைத்த கோட்டைத் தேடினார்கள். டப்ளினிலும் யாரோ யாரிடமோ எதையோ சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை டன்மாரா பங்கு மூன்று பவுண்டைத் தாண்டியது.

அசம்ப்டா ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் பெருக்கிப் பார்த்தாள். ஒன்பதாயிரம் பவுண்டு. மறுபடி பெருக்கினாள். அதேதான்.

"வித்துடு நிக்கி."

"இன்னும் ரெண்டு வாரத்துல பத்துப் பவுண்டுக்குப் போகும்கிறாங்க."

"பத்துப் பவுண்டுக்குப் போறப்போ வாங்கினவன் சந்தோஷமா இருக்கட்டும். எனக்குக் குழாயைத் திறந்தா வெந்நீர் வரணும். அவ்வளவுதான். நாளைக்கு ஃபோகர்ட்டி வருவார். போய் வித்துட்டு வா."

மறுநாள் போனான். வெறுங்கையோடு வந்தான். வரிசை பெரிதாக இருந்தது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றான். அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவந்திருந்தது. அவனுடைய ஆசைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அசம்ப்டா முட்டைக்கோசை நறுக்கினாள்.

அடுத்த வாரம் மத்தியானச் செய்தியில் வந்தது. எண்ணெய்த் தடயம் இருக்கிறதாம், எடுக்கிற அளவுக்கு இல்லையாம். கிணற்றை சிமெண்ட் போட்டு மூடியாயிற்று. நூறு இறைச்சித் துண்டும் மூணடுக்குக் கேக்கும் ரிக் ஆட்கள் பிரிந்து ஊருக்குப் போகிற விருந்துக்கு. மூன்றே நாளில் பங்கு இருபத்திரண்டு பென்ஸுக்கு வந்து நின்றது. போட்ட பணமெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

அதோடு முடிந்திருந்தால் நிக்கி எப்படியோ தாங்கியிருப்பான். பத்து நாள் கழித்து, ஒரு காலையில், எட்டு மணிக்கு வீட்டு வாசலில் தபால் வேன் வந்து நின்றது. அந்த நேரத்துக்கு அவன் பாலத்தடியில் இருக்க வேண்டும். உள்ளே வந்து பையை மேசைமேல் கவிழ்த்தான். ரிக் படம் போட்ட உறைகள், முப்பத்தொன்று.

"கம்பெனிக்காரன் எல்லாருக்கும் எழுதியிருக்கான், கிணறு வறண்டுபோச்சுன்னு. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும். ஒவ்வொரு வாசலா." நாற்காலியில் உட்கார்ந்தான். "வயித்த வலிக்குது அசம்ப்டா. உடம்புக்கு முடியலைன்னு சொல்லிடுறேன்."

அவனைத் திட்டுவதற்கு மூன்று மாதமாக அவள் சேர்த்து வைத்திருந்தது மலைபோல இருந்தது. அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எந்திரி. நானும் வர்றேன்."

"வேன்ல வெளியாளை ஏத்தக்கூடாது. சட்டம்."

"சட்டம் பாக்கிறவன் ஏன் குளியலறைப் பணத்தைக் கடல்ல போட்டே? எந்திரி."

முதல் வாசல் ஜெருடையது. அவர் கம்பி வேலியோரம் காத்திருந்தார். "கொண்டா, கொண்டா. சாவுச் சேதி வந்தா வாசல்ல நின்னு வாங்கணும்பாங்க."

"ஜெர், என்னாலதான் உங்களுக்கு..."

"உன்னால என்னடா? அம்பத்தெட்டு வருஷமா படுத்தா மாடு, எந்திரிச்சா மழை, இதைத் தவிர எனக்கு நினைப்பு இருந்ததில்ல. இந்தக் கோடையில படுக்கும்போது, ஸ்பெயின்ல வீடு வாங்கலாமா, இல்ல கொட்டகைக்குக் கூரை மாத்தலாமான்னு யோசிச்சேன். ஸ்பெயின்ல மாட்டை எங்க கட்டுறதுன்னு ஒரு வாரம் யோசிச்சிருக்கேன்டா!" அசம்ப்டாவின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இருங்க," என்று உள்ளே போய் ஒரு டஜன் முட்டையோடு வந்தார். "அவனுக்கு வேணாம். உங்களுக்கு."

ஃபாதர் லாங்கன் உறையை வாங்கிப் பிரிக்காமலே அங்கிப் பையில் போட்டார். "ரொம்பப் போயிடுச்சா ஃபாதர்?" என்று நிக்கி மெல்லக் கேட்டான். "பாவசங்கீர்த்தனத்துல மத்தவங்க பாவத்தை நான் கேக்கிற குரல்ல நீ என்னைக் கேக்காதே," என்றவர், படியிறங்கிப்போன நிக்கியைக் கூப்பிட்டு, தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். "உனக்கு மட்டுமில்ல. நம்ம ரெண்டு கழுதைக்கும் சேத்து."

இப்படியே இருபது வாசல். சிலர் கிண்டல் செய்தார்கள், சிலர் முகம் கொடுக்கவில்லை, ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். அது நிக்கியின் கையை நக்கிவிட்டுப் போனது.

நர்ஸ் ஹார்ட்னெட் வீட்டில் நிக்கியால் கதவைத் தட்டவே முடியவில்லை. அசம்ப்டாதான் தட்டினாள். நர்ஸம்மா உறையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தங்கச்சிக்கு எழுதிட்டேன், இந்த வருஷம் வரேன்னு," என்றார். "நீ சொன்னேன்னுதான் போட்டேன் நிக்கி. வேற யாரு சொல்லியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்துப் பால் சொசைட்டி. நிக்கி உள்ளே மேலாளரிடம் தபாலைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற அசம்ப்டாவை ஃபோகர்ட்டி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மிஸஸ் டோபின், உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மடையனை இந்த வேலையில நான் பாத்ததில்ல."

"நானும்தான். நீங்க புதுசா எதைக் கண்டீங்க?"

"மூணு பவுண்டு போன மறுநாள் வந்தார். விக்கிற தாள்ல கையெழுத்துகூடப் போட்டாச்சு. பேனாவை மூடிக்கிட்டே, 'நர்ஸம்மா வித்துட்டாங்களா?'ன்னார். அடுத்தவங்க கணக்கை நான் சொல்லக்கூடாது. பேசாம இருந்தேன். என் மூஞ்சியே இல்லைன்னு சொல்லிடுச்சு போல. தாளை எடுத்துக் கிழிச்சுட்டார். 'விக்காதீங்கன்னு அவங்களுக்குச் சொன்னதே நான்தான். நான் மட்டும் வித்துட்டு நாளைக்கு அவங்க வாசல்ல எப்படி நிப்பேன்?'னு போயிட்டார்."

வேனில் ஏறியதும் அசம்ப்டா கதவை அடித்துச் சாத்தினாள். "வரிசை பெருசா இருந்துச்சாக்கும்?"

நிக்கியின் காதுமடல் சிவந்தது. "ஃபோகர்ட்டிக்கு வாய் நிக்காது."

"நீ வித்துட்டு, அவங்களையும் விக்கச் சொல்லியிருக்கலாமேடா, மடப்பயலே!"

"எண்ணெய் வரும்னு நெஜமாவே நம்பினேன் அசம்ப்டா," என்றான். "இப்பவும் பாரு, கொஞ்சம் மேற்கால தோண்டியிருந்தா..."

மடியிலிருந்த பன்னிரண்டு முட்டையையும் அவன் தலையில் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும் போலிருந்தது. ஒன்பதாயிரம் பவுண்டு. குளியலறை, வெந்நீர், நீல டைல்ஸ், எல்லாம் ஒரு கிழவியின் வாசலில் நிமிர்ந்து நிற்பதற்காக. இப்படிப்பட்டவனை எந்தக் கடையில் போய் மாற்றிக்கொள்வது? அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கியது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "வண்டியை எடு. பாலத்தடித் தபால் இன்னும் கிடக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு மதுக்கடையில் யார் பங்கைப் பற்றிக் கேட்டாலும், "நான் தபால் குடுக்கிறவன்," என்று நிக்கி நிறுத்திக்கொண்டான். அசம்ப்டா சனிக்கிழமைகளில் டங்கார்வனில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து, கூட்டுறவுச் சங்கக் கடனில், குளியலறை வந்தது. டைல்ஸ் வெள்ளைதான்.

அந்த முதல் வருஷம் நர்ஸ் ஹார்ட்னெட் மட்டும் நிக்கியோடு பேசவில்லை. தினம் நிக்கி, "குட் மார்னிங் நர்ஸம்மா," என்பான். தபாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு நிக்கி ஒரு உறையில் இருபது பவுண்டு வைத்து அவர் கதவிடுக்கில் போட்டுவிட்டு வந்தான். அவர் அதை வேறொரு உறையிலிட்டு, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, தபாலிலேயே திருப்பி அனுப்பினார். நிக்கி அதை வட்டாரம் முழுக்கச் சுமந்து, கடைசியில் தனக்குத் தானே பட்டுவாடா செய்துகொண்டான். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம். அவன் மத்தியானமே, வேலை முடிந்தும் முடியாமலும், ஓட்டமாக வந்தான்.

"பேசிட்டாங்க!"

"யாரு?"

"நர்ஸம்மா! பாஸ்டன்லேருந்து கடுதாசி. தங்கச்சியே ஜூன்ல கிளம்பி வர்றாளாம். கேட்டு வரைக்கும் பின்னாலயே வந்தாங்க. கேட்டைத் திறந்தா கிரீச்சுன்னு ஒரே சத்தம். நின்னு என்னை ஏற இறங்கப் பாத்து, 'இதுக்கு எண்ணெய் போடணும் நிக்கி. ஆனா உன்கிட்டக் கேட்டுப் பிரயோஜனமில்ல, உனக்குத்தான் எண்ணெய் கிடைக்காதே!'ன்னாங்க. சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க பாரு, பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்துபோச்சு!"

சொல்லும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையை மட்டும்தான் துடைக்கிறானா என்று அசம்ப்டா பார்க்கவில்லை. எழுந்துபோய்த் தையல் மிஷின் டிராயரிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ," என்றாள்.

அவன் சாப்பிடாமலே போனான்.