ஓரக்கண்ணில் சிவப்பு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. "ஒருவேளை" என்ற சொல்லுக்கு.

காரணம் சொல்கிறேன். மனத்தை அளந்து பார்க்கும் வேலைக்காக நாங்கள் லைப்சிக் நகரப் பல்கலைக்கழகத்தில் கூடியிருந்தோம். ஒரு வெளிச்சம் மின்னியதும் அதை உணர ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, தோலில் வைத்த இரண்டு ஊசிமுனைகள் எவ்வளவு நெருங்கினால் ஒரே முனையாகத் தோன்றுகின்றன, இந்த மாதிரிக் கேள்விகள். ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து தான் உணர்வதைச் சொல்வான். அவனை நோக்குநர் என்போம். இன்னொருவன் கருவியை இயக்கிக் குறித்துக்கொள்வான். மறுநாள் இடம் மாறிக்கொள்வோம். நோக்குநர் கேட்டதற்கு மட்டும், உடனே, ஒரே சொல்லில் பதில் தர வேண்டும். தயங்கினால் அளவு கெட்டுப்போகும். "ஒருவேளை பச்சையோ?" என்று இழுப்பவனைப் பேராசிரியர் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்.

ஆல்வின் நெஸ்ட்லர் அந்த நாற்காலிக்கென்றே பிறந்தவன். மலைப்பக்கத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். ஒல்லியான உடம்பு, அசையாத கண். பல்கேரியாவிலிருந்து வந்த நான் அவனுக்கு ஜோடி. என் பெயர் ராட்கோ. அவன் பதில்கள் கருவியைவிட ஒழுங்காக வரும் என்று கூடத்தில் கேலி செய்வோம். அவனுக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

நவம்பரில் ஒரு மாலை, தாமஸ் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள தெருமுனையில் ஒரு கரி வண்டி பெர்தா என்ற சலவைக்காரி மீது மோதிவிட்டது. பிழைத்துக்கொண்டாள், கால்தான் ஒடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆல்வின் சாட்சி. கரி வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே முகம், கரி முகம். கழுத்தில் கட்டும் துணியை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடியும். ஓஸ்வின் ஹென்ஷல் என்பவன் சிவப்புத் துணி கட்டியிருந்தான். போலீஸ்காரர் வந்தபோது அவன் அந்த அம்மாளின் பக்கத்தில்தான் இருந்தான். "முன்னாடி போன வண்டி மோதிட்டு ஓடிப்போச்சு, நான் பின்னால வந்து தூக்கிவிட்டேன்" என்றான். அந்த அம்மாளுக்கு எதுவும் நினைவில்லை.

நீதிபதி முன் ஆல்வின் வாக்குமூலம் கொடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன்.

"மோதின வண்டிக்காரன் கழுத்துத் துணி என்ன நிறம்?"

"சிவப்பு."

"சந்தேகம் ஏதாவது?"

"இல்லை."

நீதிபதி எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? மத்தவங்கல்லாம் இருக்கும், இருக்கலாம்னு மென்னு முழுங்குறாங்க. படிச்ச கண்ணுன்னா இப்படி இருக்கணும்."

அன்று கோசெ என்ற உள்ளூர் பீரைக் குடித்துக்கொண்டே அந்தப் பாராட்டை நான் நாலு பேரிடம் நடித்துக் காட்டினேன். ஓஸ்வினைக் காவலில் வைத்துவிட்டார்கள். விசாரணை நாளில் ஆல்வின் சத்தியம் செய்து அதே சொல்லைத் திரும்பச் சொன்னால் அவன் சிறைக்குப் போவான்.

விசாரணைக்கு முந்தின நாள் காலை, கூடத்து முற்றத்தில் ஓஸ்வினின் மனைவி மின்னா நின்றிருந்தாள். கனத்த தோள், வெடிப்பேறிய கை.

"அந்தச் சாட்சி ஐயா நீங்கதானா?"

"ஆமா."

"அந்தத் துணி நான் பின்னினது. அதக் கழட்டித்தான் அந்தம்மா தலைக்கு அணை குடுத்தாரு. மோதிட்டு ஓடறவன் தலைக்கு அணை குடுப்பானாய்யா?"

ஆல்வின் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். மரியாதையாகத்தான் பேசினான். "நான் கண்டதத்தான் சொன்னேன்ம்மா. கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல."

"நல்ல கண்ணுதான்" என்றாள் அவள். "அப்படியே பத்திரமா வெச்சுக்குங்க."

படியேறும்போது நான்தான், "பொண்டாட்டின்னா புருஷனுக்குத்தான் பேசுவா. விடுடா" என்றேன்.

அன்று மதியம் எங்களுக்குப் புது வேலை. கண்ணின் எந்தப் பகுதிக்கு எந்த நிறம் தெரிகிறது என்று அளக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. கறுப்புச் சாயம் பூசிய ஓர் அரைவட்ட இரும்புப் பட்டை, அதன் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். நோக்குநர் தாடையை ஒரு மரத்தாங்கியில் பதித்து, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, மறு கண்ணால் புள்ளியை மட்டும் பார்ப்பார். இயக்குபவன் நகத்தளவு வண்ணக் காகிதத்தைக் குச்சி முனையில் ஒட்டி, பட்டையின் ஓரத்திலிருந்து நடுப்புள்ளி வரை மெல்ல நகர்த்துவான். ஏதோ அசைகிறது என்று தெரிவது எந்த இடத்தில், அதன் நிறம் தெரிவது எந்த இடத்தில் என்று குறிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டும் வெகு தொலைவு தள்ளியிருக்கும். கண்ணின் ஓரம் அசைவைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், நிறத்தில் அரைக்குருடு. நீலம் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். சிவப்பும் பச்சையும் நடுவை நெருங்கும்வரை வெறும் சாம்பல்தான். ஆனால் அப்படியா நமக்குத் தோன்றுகிறது? இந்தப் பக்கத்து ஓரம் முதல் அந்தப் பக்கத்து ஓரம் வரை உலகம் முழுக்க நிறமாக அல்லவா இருக்கிறது! அந்த நிறத்தைக் கொடுப்பது கண் இல்லை. மூளை. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும், பிறகு தெரிந்துகொண்டதையும் எடுத்துக் காலி இடத்தில் பூசிவிடுகிறது. பூசிய சுவடே தெரியாது.

இதெல்லாம் எங்களுக்குப் பாடமாகத் தெரியும். ஆல்வினுக்கும் தெரியும்.

வேலை முடியும் சமயம். காலையிலிருந்து அவன் முகம் இறுகிக்கிடந்ததால் கொஞ்சம் விளையாடலாம் என்று நினைத்தேன். சிவப்புக் காகிதத்தை அவன் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, "இப்ப சிவப்பு வருது, ஆல்வின்" என்றேன். அவன் கண்ணைப் புள்ளிக்குத் திருப்பியதும் பச்சைக் காகிதத்தை மாட்டி ஓரத்திலிருந்து நகர்த்தினேன்.

குச்சி அசைந்த கணமே, "சிவப்பு" என்றான்.

எப்போதும்போல உடனே, ஒரே சொல்லில்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பச்சைடா! லைப்சிக்கோட முதல் கண்ணு பச்சைய சிவப்புங்குது!"

அவன் தாடையைத் தாங்கியிலிருந்து எடுக்கவில்லை. "எங்க வெச்சிருந்த?"

"ஓரத்துல. கடைசி ஓரத்துல."

"இல்ல ராட்கோ. எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. சிவப்பா, பளிச்சுன்னு." கண்ணை மறுபடி புள்ளிக்குத் திருப்பினான். "திரும்பப் போடு. இந்த தடவ எதுவும் சொல்லாத."

போட்டேன். "அசையுது" என்றான். இன்னும் நகர்த்தினேன். "நிறம்?" என்று கேட்டேன். அந்த நாற்காலியில் அவன் தயங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரியல" என்றான் கடைசியில். கண்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "கோட்ட எடு, போலாம்" என்றான்.

விபத்து நடந்த தெருமுனைக்குத்தான் கூட்டிப்போனான்.

அந்தத் தெருமுனையில் விளம்பரம் ஒட்டும் வட்டத் தூண் ஒன்று உண்டு. ஆல்வின் அதன் முன் போய் நின்றான்.

"இங்கதான் நின்னேன். கச்சேரி விளம்பரம் ஒட்டியிருந்துச்சு, அதப் படிச்சுட்டிருந்தேன். வண்டி இந்தப் பக்கமா வந்துச்சு." இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினான். எங்கள் இரும்புப் பட்டையின் கடைசி ஓரம் எங்கே இருக்குமோ, அந்தக் கை அங்கே இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பொழுது சாயும் நேரம். விபத்து நடந்ததும் இதே நேரத்தில்தான். நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புக் காகிதத்தை எடுத்தேன். இருட்டத் தொடங்கினால் முதலில் மங்குவது சிவப்புதான். நீலம் இன்னும் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கும். நேராகப் பிடித்துப் பார்த்தபோதே அந்தக் காகிதம் கிட்டத்தட்ட கறுப்பாக இருந்தது.

"அப்ப அந்த சிவப்பு எங்கேருந்துடா வந்துச்சு?" என்றான்.

"நீயே சொல்லு. சத்தம் கேட்டப்புறம் என்ன பண்ணின?"

"திரும்பினேன். கிட்ட ஓடினேன். அவன் அந்தம்மா பக்கத்துல குனிஞ்சிருந்தான். விளக்கடியில. கழுத்துல..." நிறுத்திவிட்டான்.

விளக்கு வெளிச்சத்தில் நேராகப் பார்த்த சிவப்பை எடுத்து, சற்றுமுன் ஓரத்தில் சாம்பலாகக் கடந்துபோன ஒருவனுக்கு மூளை பூசியிருக்கிறது. இரண்டு வண்டிகளை ஒரே வண்டியாக ஒட்டியிருக்கிறது. ஆர்வம் தாங்காமல் நான் அதைக் கைவீசி விளக்கிக்கொண்டே போனேன். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"நீ திரும்பினப்ப அவன் வண்டி எங்க நின்னுச்சு?"

"அந்தம்மாவுக்கு இந்தப் பக்கம். குதிரை மூஞ்சி அவங்கள பாத்து..." அவன் தெருவையே வெறித்தான். "மூட்டையெல்லாம் சரியாம அப்படியே அடுக்கினபடி இருந்துச்சு. சக்கரம் அவங்களத் தாண்டவே இல்ல, ராட்கோ. மோதின வண்டின்னா தாண்டித்தானே நின்னிருக்கும்?"

"இத நேராவா பாத்த?"

"நேரா. விளக்கு வெளிச்சத்துல."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"அவர் நிறத்தத்தானே கேட்டாரு."

அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். கேட்டதற்கு மட்டும், உடனே, ஒரே சொல்லில். எங்கள் கூடம் பழக்கிய பழக்கம்தான். அதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி யாரும் பழக்கவில்லை.

"காலையில அவன் சம்சாரம் வந்து சொன்னப்பகூட நான் யோசிக்கல" என்றான். "தொப்பியக் கழட்டிட்டு எவ்வளவு அழகாப் பேசினேன் பாத்தியா?"

நான் ஆறுதல் சொல்ல முயன்றேன். எல்லோருடைய மூளையும் இப்படித்தான் செய்கிறது, இது யார் குற்றமும் இல்லை என்றேன்.

"பூசினது மூளை. சரி. சந்தேகம் இல்லைன்னு சொன்னது யாரு?"

நானும் அவன் பக்கத்தில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் நீதிமன்றத்தில் ஓஸ்வின் ஹென்ஷல் கைதிக்கூண்டில் நின்றிருந்தான். கரியெல்லாம் கழுவிய முகம். வெளிறிப்போய், நாங்கள் நினைத்ததைவிட வயதானவனாக இருந்தான். கழுத்தில் துணி இல்லை. ஆல்வின் கையை உயர்த்தும் முன்பே பேசத் தொடங்கினான்.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் ஐயா. மோதினவன் துணி என்ன நிறம்னு எனக்குத் தெரியாது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் சந்தேகமே இல்லன்னீங்க?"

"அப்ப இல்ல. அதுதான் தப்பு. நான் பாத்த இடத்துலேருந்து, அந்த வெளிச்சத்துல, யாருக்குமே நிறம் தெரிஞ்சிருக்காது."

"சரி, இப்ப கண்ண மூடிக்கிட்டு அந்த வண்டிய நினைச்சுப் பாருங்க. என்ன நிறம் தெரியுது?"

ஆல்வின் கண்ணை மூடினான். பொய் சொல்லியிருக்கலாம். அது எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"சிவப்புதான் தெரியுது. இப்பவும்."

பின்வரிசையில் சிரித்தார்கள். "படிப்பு முத்திப்போச்சு" என்று ஒரு குரல் கேட்டது.

"தெரியுதுங்கறீங்க, பாக்கலங்கறீங்க. என்னதான் சொல்ல வரீங்க?"

"தெரியறதெல்லாம் பாத்தது இல்ல ஐயா." கண்ணைத் திறந்தான். "நேரா பாத்தது ஒண்ணு இருக்கு, அதச் சொல்றேன்." குதிரை நின்ற இடத்தையும், குலையாத மூட்டைகளையும், அந்த அம்மாளைத் தாண்டாத சக்கரத்தையும் சொன்னான். இந்தத் தடவை ஒரே சொல்லில் சொல்லவில்லை. இடறி, திருத்தி, ஒவ்வொன்றையும் எங்கிருந்து பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லி நகர்ந்தான். போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வண்டி நின்ற இடம் அதுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

"போன வாரமே ஏன் சொல்லல?" என்றார் நீதிபதி.

"நீங்க கேக்கல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நானும் என்னக் கேட்டுக்கல."

ஓஸ்வினை விடுவித்தார்கள்.

வெளியே படிக்கட்டில் ஆல்வின் அவர்களுக்காகக் காத்திருந்தான். பேராசிரியர் காதுக்குச் செய்தி போனால் அந்த நாற்காலி இனி அவனுக்கு இல்லை. அதைப்பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. ஓஸ்வினும் மின்னாவும் இறங்கி வந்தார்கள். வண்டியை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர்கள் பேசிக்கொண்டு வருவது எங்கள் காதில் விழுந்தது.

"ஹென்ஷல் ஐயா" என்று ஆல்வின் தொடங்கினான். இரவெல்லாம் தயார் செய்த மன்னிப்பு அவனிடம் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஓஸ்வின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அந்தம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு?"

ஆல்வின் தலையிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்தான்.

"ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க? பாத்தீங்களா?"

"தெரியல" என்றான் ஆல்வின். "போகல." அவன் காது நுனிவரை சிவந்துவிட்டது. துணி, வண்டி, குதிரை, நிறம் என்று ஒரு வாரமாக நாங்கள் பேசாத பேச்சில்லை. கால் ஒடிந்து கிடந்தவளின் பெயரை நானும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓஸ்வின் தலையை ஆட்டிவிட்டு ஆஸ்பத்திரித் திசையில் நடந்தான். மின்னாவும் நடந்தாள். பத்தடி தள்ளி, தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஆல்வினும் நடந்தான். நான் அவனுக்கும் பின்னால்.

தெரு திரும்பும் இடத்தில் மின்னா நின்று திரும்பினாள்.

"பின்னாலேயே வராதீங்கய்யா" என்றாள். "இப்படி முன்னாடி வந்து நடங்க. நாங்களும் உங்கள நேரா பாத்துக்கறோம்."

அவன் அவர்களைத் தாண்டி முன்னால் போய், தலை குனிந்தபடி நடக்கத் தொடங்கினான்.