வயது குறையும் எண்ணெய்

எண்ணெய் கெட்டுப்போக வேண்டும் என்று ஒருவன் வாய்விட்டு வேண்டிக்கொண்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அதனால் அவன் மனதுக்குள்ளேயே வேண்டிக்கொண்டான்.

உணவுத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் அவனுக்கு ஒப்பந்த வேலை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். அதைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி, ஒவ்வொரு துளிக்கும் பட்டாணிப் புரதத்தில் ஒரு சட்டை மாட்டி, பொடியாக உலர்த்தியிருந்தான். பொடி தாக்குப்பிடிக்கிறது என்று காட்ட, சட்டையில்லாத எண்ணெய் பக்கத்திலேயே இருந்து கெட்டாக வேண்டும். சாதாரண அடுப்படியில் மூன்று மாதம் வைத்துப் பார்க்கச் சொன்னார் மேலாளர். முடிவு சரியாக வந்தால் வேலை நீடிக்கும் என்று அவன் நம்பினான். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மனைவியும் அவனும் இருந்தது மாமியார் வீட்டில். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் எண்ணெய்ப் பாட்டிலையும் பொடி டப்பாவையும் வைத்தான். பாட்டிலில் எண்ணெய் மட்டத்துக்கு ஒரு கோடும் போட்டான்.

"தொடாதீங்க அத்தை. எண்ணெய் தானா கெட்டுப்போகணும்."

"என் அடுப்படியிலயா?" என்றாள் மாமியார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது பொடி நன்றாக இருந்தது. எண்ணெயும் நன்றாக இருந்தது. நன்றாக என்றால், வைத்த அன்றைவிட நன்றாக. அவனுக்கு முதலில் தன் கை மேல்தான் சந்தேகம் வந்தது. குடுவைகளைக் கழுவினான், மறுபடி கழுவினான், சோதனை மருந்தைப் புதிதாகக் கரைத்தான். எண்ணெய் பிடிவாதமாக இளமையாகவே இருந்தது.

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, உங்க மாமியார் வீட்டுல எண்ணெய்க்கு வயசு குறையுதா? சும்மா வச்சாலே நல்லாயிருக்குன்னா உன் பொடி எதுக்கு? நீ எதுக்கு?"

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனான்.

"அத்தை, அந்த எண்ணெயை ஏதாச்சும் பண்ணீங்களா?"

மாமியார் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பின்னே? காறல் வாடை கூடத்து வரைக்கும் அடிச்சுது. ஆபீஸ்ல எவனாவது மோந்து பாத்துட்டு, இது எந்த வீட்டு எண்ணெய்னு கேட்டா? கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவிக் காயவச்சு, கடையில அதே ஆளிவிதை எண்ணெய் புதுசா வாங்கி ஊத்தினேன். நீங்க போட்ட கோடு தாண்டாமத்தான் ஊத்தினேன், மாப்பிள்ளை."

"எத்தனை தடவை?"

"வாடை வந்தப்பல்லாம்."

"பொடியையும் மாத்திட்டீங்களா?"

"அதை எதுக்கு மாத்தணும்? அதுலதான் ஒரு வாடையும் வரலையே!"

தெருமுனையில் மீன் பொரித்தாலே ஜன்னலைச் சாத்துகிற மூக்கு அது. அப்படிப்பட்ட மூக்கு மூன்று மாதமாக அந்த டப்பாவின் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் பொடிக்கு அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. அறிக்கையில் எழுதத்தான் வழியில்லை.

மறுநாள் மறைக்காமல் மேலாளரிடம் சொன்னான். அவர் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்தார்.

"மாமியார் மூக்குன்னு எழுதினா மேலிடத்துல என்னையும் சேத்து அனுப்பிடுவாங்க. முதல்ல இருந்து செய்யணும். அதுக்கு ஆள் வேணும், நீயே இரு. இன்னொரு மூணு மாசத்துக்கு எழுதித் தர்றேன்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "முடிவு சரியா வந்திருந்தா, சார்?"

"வேலைதான் முடிஞ்சுபோச்சேன்னு கையைக் குலுக்கி அனுப்பியிருப்பாங்க. இதெல்லாம் வாய்விட்டுக் கேக்கலாமாப்பா?"

பிழைத்ததற்கு மகிழ்வதா, பிழைத்த விதத்துக்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் அவன் நின்றான்.

"எங்க அத்தை இனிமே இடம் தரமாட்டாங்க சார். உங்க வீட்டு அடுப்படியில வைக்கலாமா?"

மேலாளர் அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"வைக்கலாம். ஆனா எண்ணெய் கெட்டுப்போகணும்ங்கறதை என் வீட்டுக்காரிகிட்ட நீயே வந்து சொல்லிடு."