வளையத்துக்குள் வந்தவை

என் தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறான். அதனாலேயே அவன் வீட்டில் யாரும் எந்த மருந்தையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரைகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும். அடுத்து யார் இருமினாலும் அந்த டப்பாவுக்குள் கை விட்டு, கிடைத்ததில் இரண்டு வேளை. "கடைக்காரன் வீட்டுக்கு டாக்டர் எதுக்குக்கா?" என்பான். அரைக்கிணறு தாண்டுவதில் அப்படி ஒரு பெருமை. நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிறவள். நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

தம்பி மனைவியைக் குருவி என்றுதான் கூப்பிடுவேன். அவளைச் சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது. அவள் நிமோனியாவில் விழுந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை.

"பாப்பாவக் கண்ணுல கூட காட்ட மாட்டேங்கறாங்க அண்ணி," என்றாள், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் திரும்பிப் போவேன்ல?"

"போகாம? உன் புருஷன் சமையல சாப்பிட்டு அது பொழைக்குமா?" என்றேன். வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன்.

அவள் சளி என் மேசைக்கு வந்தது. அதிலிருந்த கிருமியை வளர்த்து, ஒரு தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து இன்குபேட்டரில் அடைத்தேன். உள்ளே எப்போதும் நம் உடம்புச் சூடு. மருந்து வேலை செய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றி வெற்று வளையம் விழும். கிருமி கிட்டே வராது.

மறுநாள் ஒரே ஒரு வில்லைக்குத்தான் வளையம் இருந்தது. மற்றவற்றின் விளிம்புவரை வெளுத்த படலம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"வில்லை பழசா இருக்கும்," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அதே வில்லைகளைச் சோதனைக்கென்று வைத்திருக்கும் சாதாரணக் கிருமிமேல் வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் வளையம் விழுந்தது. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். நான் பேயை நம்பாதவள். ஆனால் தோற்ற மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கையில் நம்பத் தோன்றியது. எல்லாமே அந்த பிஸ்கட் டப்பாவில் நான் பார்த்த பெயர்கள். அந்த வீட்டில் யாரும் பார்க்காத ஏதோ ஒன்று குடியிருந்து, அவர்கள் விழுங்கியதையெல்லாம் தானும் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்த்துப் பழகியிருக்கிறது.

வளையம் விழுந்தது ஒரு ஊசி மருந்துக்கு. "இதுக்கு மேல நம்மகிட்ட எதுவும் இல்ல," என்றார் டாக்டர். போட ஆரம்பித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. குருவி எழுந்து உட்கார்ந்தாள், நாலு வாய் சாப்பிட்டாள். ஊசியை முடித்து, கடைசியாக ஒருமுறை சளி எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும் முன்பே வீட்டுக்கு விட்டார்கள். படுக்கை கேட்டு வெளியே வரிசை நின்றது.

அந்தக் கடைசிச் சளியின் தட்டில் ஊசி மருந்துக்கு வளையம் இருந்தது. பெரிதாகத்தான் இருந்தது. நிம்மதியாக மூடப்போனவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எதுவும் வளரக்கூடாத அந்த வெற்றிடத்துக்குள், வில்லைக்கு மிக அருகில், ஊசிமுனை அளவில் சில புள்ளிகள்.

ஒரு புள்ளியை மட்டும் எடுத்து, தனித் தட்டில் வளர்த்து, அதே மருந்தை வைத்தேன். அடுத்த நாள் வளையம் இல்லை. படலம் வில்லையின் மேலேயே ஏறியிருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். "உடனே திரும்பி வரச் சொல்லுங்க. யாரும் கிட்டப் போகவேண்டாம்," என்றார்.

வீட்டுக்கு போன் போட்டேன். குருவியே எடுத்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"மெதுவா பேசுங்க அண்ணி. பாப்பா என் நெஞ்சுமேலதான் தூங்குறா. வந்ததுலேர்ந்து எறக்கி விடவே இல்ல."

"எறக்கு குருவி. அவளக் கீழ விடு."

அவள் சிரித்தாள். நான் வழக்கம்போலச் சீண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பொறாம அண்ணி."

"வெளையாடல. கீழ விடு."

போனில் குழந்தை இருமுவது கேட்டது. குருவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.