பசி என்று பெயர் வைத்த படம்

அவள் கணவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் நிதானம். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான். ஓடி ஓடி ஊர் பார்ப்பவன் எதையும் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் தங்கி நிதானமாகப் பார்க்க வேண்டும், காடும் பறவையும் மனிதர்களின் வழக்கங்களும் தாமாகவே கேமராவுக்குள் வந்து உட்காரும் என்று போகிற இடமெல்லாம் வாய் கிழியப் பேசுவார். கேட்கிறவர்களும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

அவர் நிதானமாக இருப்பதற்கு அவள் பம்பரமாகச் சுழல வேண்டும் என்பது மட்டும் எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. அறை பிடிப்பது அவள். சமைப்பது, துவைப்பது, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது, கேமராவை நிறுத்தும் ட்ரைபாடைத் தோளில் சுமப்பது எல்லாம் அவள். படங்களுக்குக் கீழே வரும் நாலு வரிகளையும் அவள்தான் எழுதுவாள். "எப்படி சார் இவ்ளோ உருக்கமா எழுதுறீங்க?" என்று யாராவது கேட்டால், ஐயா கண்ணை மூடித் திறந்து, "தானா வரும்" என்று திருவாய் மலர்வார்.

தாமாக வந்து உட்காருமாம்! போன ஊரில் ஒரு கல்யாணத்துக்குள் புகுந்து, மகளை அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்த அம்மாவிடம், "இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு, கொஞ்சம் திரும்பி அழுறீங்களா?" என்று கேட்டவர் இவர். அந்த அம்மாளும் பாவம், திரும்பி அழுதாள். பக்கத்தில் ட்ரைபாடோடு நின்ற இவளுக்குத்தான் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இந்த ஊரில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். 'மெதுவாகப் பார்த்த உலகம்' என்று ஒரு கண்காட்சி, அதற்கு இவர் ஒரு படம் அனுப்ப வேண்டும். தினமும் காடு மேடெல்லாம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்து, "இயற்கை இன்னும் தயாராகலை" என்பார். இயற்கை என்ன, பவுடர் பூசிக்கொண்டா வரும்?

குளியலறை ஜன்னலுக்கு வெளியே, துவைக்கிற கல் கிடந்த பின்பக்கத் திறந்த மாடியின் சுவரில் படர்ந்திருந்த கொடியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. துணி துவைக்கும்போது அவள் அதைப் பார்த்தாள். முட்டை பொரிந்து இரண்டு குஞ்சுகள். அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த பேச்சுத்துணை அவைதான். "என்னடி, இன்னைக்கு வயிறு நிறைஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே சோப்பு போடுவாள். கணவர் வீட்டில் இருக்கும்போது ஜன்னலை இறுக்கிச் சாத்திவிடுவாள். குஞ்சுகள் பறந்து போகும்வரை இந்த மனுஷன் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டிக்கொண்டது.

பொத்திப் பொத்தி வைத்ததை வீட்டுக்காரம்மா ஒரு காலையில் போட்டு உடைத்துவிட்டாள். இவள் கடைக்குக் கிளம்பிய பிறகு அவரிடம், "காடெல்லாம் சுத்துறீங்களே சார், நம்ம பின்பக்கமே குருவி குஞ்சு பொரிச்சிருக்கு" என்று வெள்ளை மனதோடு சொல்லியிருக்கிறாள்.

காய்கறிப் பையோடு திரும்பியவள் முதலில் பார்த்தது, துவைக்கிற கல்லின் மேல் கிடந்த தன் தையல் கத்தரிக்கோலை. அதன் வாயெல்லாம் பச்சைக் கறை. கீழே இலைகள் குவிந்து கிடந்தன. கூடு சுவரில் மொட்டையாக நின்றது. உச்சி வெயில் நேராக அதற்குள் இறங்கியது. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனிதர், முதன்முறையாகக் கையால் செய்த வேலை இது.

"சத்தம் போடாதே," என்றார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இலையெல்லாம் குறுக்க நின்னுது. இப்ப பாரு, எவ்ளோ சுத்தமா இருக்கு! ரெண்டும் வாயைத் திறந்து கேக்குது பாரேன், பசி!"

அவள் பார்த்தாள். பசித்தால் அவை கழுத்தை நீட்டிக் கத்தும். தினமும் பார்த்தவளுக்குத் தெரியாதா? இப்போது சத்தமே இல்லை. கழுத்து துவண்டு, வாய் பிளந்து, மார்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பசி இல்லைங்க. வெயில் தாங்காம மூச்சு வாங்குது. நகருங்க, நிழல் கட்டணும்."

"கொஞ்சம் பொறு. அம்மாக்குருவி வந்துட்டா படம் முழுசாயிடும்."

அம்மாக்குருவி துணி காயும் கயிற்றில்தான் இருந்தது. வாயில் புழுவோடு இப்படியும் அப்படியும் தாவிக் கதறிக்கொண்டிருந்தது.

"நீங்க நிக்கிற வரைக்கும் அது வராது."

"அதுக்குத்தான் நிதானம் வேணும்கிறது," என்று பாடம் எடுத்தார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். ட்ரைபாடை கேமராவோடு அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். தினமும் சுமக்கிறதுதானே! "ஏய், லென்ஸ், லென்ஸ்!" என்று அலறியபடி அவர் பின்னாலேயே ஓடினார். நிதானம் ஓடியதை வீட்டுக்காரம்மா மாடிப்படியிலிருந்து பார்த்தாள்.

வெளிச்சத்துக்காக அவர் வைத்திருந்த பெரிய வெள்ளைக் குடையைக் கொண்டுவந்து கூட்டுக்கு மேலே கட்டினாள். வெகுநேரம் கழித்து அம்மாக்குருவி வந்தது. குஞ்சுகள் தலையைத் தூக்கின. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தாள். காற்றில் குடை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. சுவர்மேல் ஒரு காக்கை அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. கூடு காலி. மறைப்பு போன கூட்டைக் காக்கைக்கு யாரும் போய்க் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.

அவர் பல் துலக்கியபடி வந்து பார்த்தார். "இயற்கைன்னா அப்படித்தான். நாம அதுல தலையிடக் கூடாது," என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இத்தனை வருடம் இந்த வாய்க்கா நாம் வரி எழுதிக் கொடுத்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

காபி குடித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "படம் அருமையா வந்திருக்கு. கண்காட்சிக்கு இதான். அனுப்ப இன்னைக்குக் கடைசி நாள். 'பசி'ன்னு பேர் வெச்சிருக்கேன். கீழே நாலு வரி எழுதிடேன், வழக்கம்போல நான் சொல்ற மாதிரி, உருக்கமா."

அவள் பேனாவை எடுத்தாள். உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தக் குஞ்சுகள் பசியால் வாயைத் திறக்கவில்லை. நிழல் தந்த இலைகளை நான் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். வெயில் தாங்காமல் மூச்சு வாங்குகின்றன. தாய் எதிரிலேயே இரையோடு கதறிக்கொண்டிருந்தது. நான் நகராததால் அது வரவில்லை. மறுநாள் இரண்டையும் காக்கை தூக்கிப் போனது."

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். தாளைக் கவிழ்த்துப் போட்டார்.

"என்ன விளையாட்டு இது? இதை எப்படி நாலு பேருக்கு அனுப்புறது?"

"படத்தை எப்படி அனுப்புவீங்களோ, அப்படித்தான்," என்றாள் அவள்.