நினைவஞ்சலிக்கு ஒரு செரோக்கி வரி

1
எழுந்தான். பல் விளக்கினான். தேநீர் போட்டான். கேட்டைத் திறந்து காரை வெளியே எடுத்தான். அவன் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் எல்லாரும் தினமும் செய்வது. கதைக்கு இது தொடக்கமாகாது.

(இந்தக் கதை பிறந்தது தேவகியின் கேள்வியால். இதில் வருபவனும் எழுதுபவனும் சத்தியசீலன்தான். ‘நான்’ என்று எழுதினால் கை நிற்கிறது. அதனால் ‘அவன்’.)

2
மனைவி ரூபினி இறந்து வரும் மாதம் ஓராண்டு. அவள் அக்கா தேவகி பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிறாள். படத்துக்குக் கீழே ரூபினி கடைசியாகச் சொன்னது வர வேண்டுமாம். சாகும்போது அக்காளும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள்.

“தம்பி, அன்னைக்கி போன் பண்ணேன், தூங்குறான்னு சொன்னீங்க. அப்புறம் முழிச்சாளா? என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?”

ரூபினி கைப்பேசியில் செரோக்கி கற்றுக்கொண்டிருந்தாள். அமெரிக்கப் பழங்குடி மொழி. தேநீர் கொடுத்தால் ‘வாடோ’ என்பாள். நன்றி என்று பொருள். அந்த நேரத்துக்கு அது கை கொடுத்தது.

“செரோக்கியில என்னமோ சொன்னா, அக்கா. எனக்கு வெளங்கல.”

“சாகப்போற நேரத்துலயுமா அந்த பாஷை! சரிலா, அதையே போடுங்க. யாரும் கேட்டா மந்திரம்னு சொல்லிக்கலாம்.”

3
ஆகவே ரூபினி தமிழில் சொன்னதைச் செரோக்கிக்கு மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. இணையத்தில் ‘அன்றாட வாக்கியங்கள்’ என்று ஒரு பக்கம். வணக்கம், நன்றி, மீண்டும் சந்திப்போம். ரூபினி சொன்னது மட்டும் இல்லை. வீட்டுக்குள் எவன் இப்படியெல்லாம் பேசுகிறான்? எரிச்சலோடு அகராதியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டினான். சரியா என்று கேட்கச் சுற்று வட்டாரத்தில், மெர்போக் ஊரிலிருந்து யான் ஊர் வரை, ஆளில்லை.

4
முடிவு அ: ‘மீண்டும் சந்திப்போம்’ அச்சாகிறது. தேவகி அதை வெட்டிச் சட்டம் போட்டு

(வேண்டாம். ரூபினி அப்படிப் பேசுகிறவளே இல்லை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான். தேவகி

முடிவு இ: ஒட்டுப்போட்ட வரி அச்சாகிறது. எவருக்கும் புரியாது. என்றாவது தேவகியும் கைப்பேசியில் அந்த மொழியைத்

5
நாளைக்குள் வரியைக் கொடுக்க வேண்டும். தேவகி மறுபடி அழைக்கிறாள். எதைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள், அவனுக்கு அலுத்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, கைப்பேசியை அவன் கையில் திணித்துவிட்டு, ரூபினி சொன்னது இதுதான்:

“அக்கா கூப்பிட்டா, நான் தூங்குறேன்னு சொல்லிடுங்க.”