வெள்ளை போன படம்

“எங்கண்ணன் இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர். எங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

எதை மட்டும் கேட்டுவிடாதே என்று அண்ணி காலையிலிருந்து கெஞ்சினாளோ, அதையே தங்கை போட்டு உடைத்தாள். மேசைக்கடியில் அண்ணி அவள் தொடையைக் கிள்ளினாள். ஸ்கேன் அறையிலிருந்து வந்த அண்ணன் இன்னும் சட்டைப் பித்தானைப் போட்டு முடிக்கவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். “வண்டியா? கடை வெச்சிருக்கறதா சொன்னீங்களே?”

“ஸ்கூல் வேன், டாக்டர். உள்ள நிறையப் புள்ளைங்க.”

போன மாதமும் இதே அறையில் இதே கூத்துதான். குளியலறையில் விழுந்த அண்ணனுக்கு ஒரு இழுப்பு அடங்குமுன் அடுத்தது வந்தது. வெகுநேரம் கழித்து, ஆட்டோவில் ஏற்றும்போதுதான் உடம்பு அடங்கியது. ஆஸ்பத்திரியில் அண்ணி “மயங்கி விழுந்துட்டாரு” என்றாள். வலிப்பு என்று தெரிந்தால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள் என்ற பயம். படத்தில் மூளையின் ஒரு பக்கம் வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருந்தது. கட்டியாக இருக்கலாம், மண்டையைத் திறந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்போதும் அம்மாவும் அண்ணியும் வாயைத் திறக்கவில்லை. மண்டையைத் திறக்கலாமாம், வாயைத் திறக்கக் கூடாதாம்! அன்றும் ‘வலிப்பு, மயக்கமில்லை’ என்று கத்தியது அவள்தான். நிற்காமல் நீண்ட வலிப்பே மூளையை வீங்க வைத்து இப்படி வெள்ளையாகக் காட்டக்கூடும், மருந்து கொடுத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் கத்தியைத் தள்ளிவைத்தது அதற்குப் பிறகுதான்.

இன்று திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதியதில் வெள்ளை இல்லை. அண்ணி அழுதே விட்டாள். “அப்ப ஒண்ணுமில்ல. மதியமே வண்டிய எடுத்துடலாம்” என்றான் அண்ணன். அதைக் கேட்டுத்தான் அவள் டாக்டரிடம் வாயைத் திறந்தாள்.

“வெள்ளை போனா வீக்கம் போச்சுன்னுதாங்க அர்த்தம், வலிப்பு போச்சுன்னு இல்ல” என்றார் டாக்டர். “மாத்திரைய விடாம சாப்பிட்டு, ரொம்ப நாள் வராம இருந்தாதான் வண்டியப் பத்திப் பேசவே முடியும். நான் சொல்லத்தான் முடியும்மா. கூடவே வந்து கையப் பிடிச்சுக்க முடியுமா?”

தாழ்வாரத்துக்கு வந்ததும் அண்ணன் பல்லைக் கடித்தான். “படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்சடி, வக்கீலு.”

வாயாடுகிறவள் என்பதற்காகச் சின்ன வயதில் அவன் வைத்த பெயர் அது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்த வாசல்வரை கொண்டு போய் விட்டதும் இதே வேன்தான். அது தெரியாமலா பேசுகிறாள்? தெரிந்துதான் பேசினாள்.

“பாப்பா, மாத்திரைதான் போடறாரே” என்று அண்ணி அவள் கையைப் பிடித்தாள். “பொழப்புல மண்ணப் போடாத.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். “காலைல தட்டுல கைய வெச்சுக்கிட்டு, நான் கூப்பிடக் கூப்பிடச் சுவரையே வெறிச்சுப் பாத்துட்டு இருந்த. வாய மட்டும் மென்னுட்டே இருந்த. ஞாபகம் இருக்கா?”

“எப்ப?” என்றான் அவன்.

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்; கைகால் இழுக்காமல் வந்துபோன வலிப்பு அது. அண்ணியின் பிடி நழுவியது.

பிறகு அவன் கையை நீட்டினான். “சாவியக் கொடு. ஸ்கூல் விடற நேரமாகுது.”

ஸ்கேன் அறைக்குள் இரும்பு, தங்கம் எதுவும் கூடாதென்று பெல்ட்டையும் மோதிரத்தையும் சாவியையும் அவளிடம்தான் கழற்றிக் கொடுத்திருந்தான். அவள் பெல்ட்டையும் மோதிரத்தையும் அண்ணியின் கையில் வைத்தாள். திரும்பினாள்.

“ஏய் வக்கீலு! எங்கடி போற?”

வெளியே வெயிலில் வேன் நின்றது. பின்கண்ணாடித் தூசியில் ஏதோ ஒரு பிள்ளை விரலால் ஒரு முகம் வரைந்திருந்தது. கண் இரண்டும் மிகப் பெரிது, வாய் வரைவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது போலிருந்தது. அவள் அதைக் கடந்து பள்ளிக்கூடம் இருக்கும் தெருப்பக்கம் நடந்தாள். பிள்ளைகளுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யச் சொல்ல இன்னும் நேரமிருந்தது. மூடிய கைக்குள் சாவியின் பற்கள் பதிந்துகொண்டிருந்தன.